சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் எவ்வளவு தூரம்?



நம் தோட்டத்து வீடுகளில் பலமுறை கேட்கப்பட்ட ஒரு கேள்வியோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரன், வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டியிடம் கேட்பான்: "பாட்டி, நீங்க வந்த ஊரு இங்கேருந்து எவ்வளவு தூரம்?" பாட்டி சற்றும் யோசிக்காமல் பதில் சொல்வார்: "ஏழு நாளுடா, சாமி." அந்தப் பையனின் தகப்பனார் ஒருமுறை விமானத்தில் ஊருக்குப் போய் வந்தவராக இருந்தால், "அதெல்லாம் அந்தக் காலம். இப்போ நாலு மணி நேரம்" என்பார். பூகோளம் சொல்லித்தரும் ஆசிரியரைக் கேட்டால், "சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் ஆகாய வழியில் சுமார் 2,630 கிலோமீட்டர். மைல் கணக்கில் 1,630" என்பார்.

இந்த மூவரில் யார் சொல்வது சரி? மூவர் சொல்வதும் சரிதான். பாட்டி தாம் பட்ட தூரத்தைச் சொல்கிறார். தகப்பனார் தாம் பறந்த தூரத்தைச் சொல்கிறார். ஆசிரியர் அளந்த தூரத்தைச் சொல்கிறார். அளந்த தூரம் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆனால், மனிதர்கள் பட்ட தூரம் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அது எப்படி மாறியது, ஏன் மாறியது என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆசிரியரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். இடையிலே வங்காள விரிகுடா கிடக்கிறது. கடலின்மேல் நூல் பிடித்து அளந்தவர் எவரும் இல்லை. பிறகு 2,630 என்ற எண் எங்கிருந்து வந்தது?

பள்ளிக்கூடத்தில் உலக உருண்டை ஒன்று இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைச் சென்னையின்மீது வைத்து, மறுமுனையைக் கோலாலம்பூரின்மீது இழுத்துப் பிடியுங்கள். நூல் தொய்வில்லாமல் விறைப்பாக நிற்கும்போது அது எந்த வழியாகப் போகிறதோ, அதுவே இரண்டு நகரங்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழி. அந்த வழியை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் உலகத்தைச் சரிபாதியாக வெட்டும் ஒரு வட்டம் கிடைக்கும். அதைப் பெருவட்டம் என்பார்கள். ஆகாய வழித் தூரம் என்று அட்டவணைகளில் காண்பது இந்தப் பெருவட்டத்தின்மீது அளந்த தூரம்தான்.

இப்போது அதே நூலை அளந்து பாருங்கள். உருண்டையின் நடுவே ஓடும் நிலநடுக்கோட்டைச் சுற்ற எவ்வளவு நூல் வேண்டுமோ, அதில் பதினைந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நிலநடுக்கோட்டின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அதைப் பதினைந்தால் வகுத்தால் 2,667 வரும். ஆசிரியர் சொன்ன எண்ணுக்கு வெகு அருகில் வந்துவிட்டோம். பேனாவும் நூலும் இருந்தால் பத்து வயதுப் பிள்ளைகூட இதைச் செய்து பார்க்கலாம்.

ஆனால், உருண்டையில் சென்னையையும் கோலாலம்பூரையும் சரியான இடத்தில் குறித்தவர் யார்? அதில்தான் பெரிய வரலாறு இருக்கிறது.

சென்னை விமான நிலையத்தில் இறங்கியவர்கள் பக்கத்திலேயே ஒரு சிறு குன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பரங்கிமலை. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, அந்தப் பரங்கிமலைக்கு அருகே தரையில் ஏழரை மைல் நீளத்துக்கு இரும்புச் சங்கிலியைப் போட்டு மிகக் கவனமாக அளந்தார். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகக் கணக்கிட்டு, பின்னாளில் இந்தியா முழுவதையும் அளந்துவிட்டார்கள். லாம்டனுக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. பூமி எந்த அளவுக்கு வளைந்திருக்கிறது என்று காண அவர் விரும்பினார். பூமியின் வளைவு தெரிந்தால்தானே பெருவட்டத் தூரம் தெரியும்! விமானம் என்ற சொல்லே புராணக் கதைகளில் மட்டும் இருந்த காலத்தில், பிற்கால விமான நிலையத்தின் வாசலிலேயே இந்த வேலை தொடங்கியது.

ஓர் ஊரின் இடத்தைக் குறிக்க இரண்டு எண்கள் வேண்டும். வடக்கு தெற்காக எவ்வளவு என்பது ஒன்று. கிழக்கு மேற்காக எவ்வளவு என்பது மற்றொன்று. முதலாவது சுலபம். சூரியனும் நட்சத்திரங்களும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று பார்த்தால் தெரிந்துவிடும். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. கோலாலம்பூர் 3 பாகையில் இருக்கிறது. கிழக்கு மேற்கைக் காண்பதுதான் கடினம். அதற்கு இரண்டு ஊர்களின் நேரத்தையும் ஒரே நொடியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அப்படியானால் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கிழக்கே இருக்கும் ஊருக்குச் சூரியன் முன்னதாக உச்சிக்கு வரும். எத்தனை நிமிடம் முன்னதாக வருகிறது என்று தெரிந்தால், நான்கால் வகுத்து எத்தனை பாகை கிழக்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால், சென்னையில் இருப்பவருக்குச் சிங்கப்பூரில் அந்த நொடியில் மணி என்ன என்று எப்படித் தெரியும்? கப்பலில் கடிகாரத்தைக் கொண்டுபோனால், போய்ச் சேர்வதற்குள் அது ஓடிப் பிந்தியோ முந்தியோ விடும்.

அதற்கு விடை கடலுக்கு அடியில் வந்தது. 1870-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1871-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, 1881, 1882-ஆம் ஆண்டுகளில், அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த கிரீன் என்பவரின் குழு இந்தக் கம்பியைப் பயன்படுத்தியது. சென்னை வானாய்வுக் கூடத்தில் அப்போது தலைவராக இருந்தவர் நார்மன் போக்சன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நட்சத்திரங்களைப் பார்த்து அவரவர் ஊர் நேரத்தைத் துல்லியமாக வைத்துக்கொண்டு, கம்பி வழியே "டிக்" என்று ஓர் அடையாளம் அனுப்பினார்கள். சென்னையைவிடச் சிங்கப்பூரில் சூரியன் ஏறத்தாழ 1 மணி 34 நிமிடம் முந்துகிறது என்று கணக்கு வந்தது. நான்கால் வகுத்தால் இருபத்து மூன்றரைப் பாகை. ஆக, நூறாண்டுகளுக்கு முன்பே, கப்பலில் ஒருவர் வந்து சேர ஒரு வாரம் ஆன காலத்திலேயே, இரண்டு கரைகளுக்கும் இடையே உள்ள தூரம் நன்றாகத் தெரிந்திருந்தது.

நேயர்களே, இந்தத் தந்திக் கம்பியை மறந்துவிடாதீர்கள். நம் கதையில் அது மீண்டும் வரும்.

இனிப் பாட்டியின் கணக்குக்கு வருவோம். கப்பல் நூல் பிடித்தாற்போல் போக முடியாது. சென்னையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல் முதலில் தெற்கே நாகப்பட்டினத்துக்குப் போகும். அங்கே கப்பல் அணையும் துறை இல்லாததால் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சனங்களைப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்ப்பார்கள். பிறகு வங்காள விரிகுடாவைக் கடந்து, நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நுழைந்து, மலாக்கா நீரிணைக்குள் திரும்பும். முதலில் பினாங்கு. அடுத்து சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது 1972-இலிருந்து கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைக்கும் இடம். கடைசியாகச் சிங்கப்பூர்.

இந்த வழியில் ஓடிய கப்பல்களில் நம்மவர் மறக்காத பெயர் ரஜூலா. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியைச் சேர்ந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. ரஜூலா மணிக்கு 12 அல்லது 13 கடல் மைல் போகும். பினாங்குக்கு ஐந்தாறு நாள், சிங்கப்பூருக்கு ஏழெட்டு நாள். அதற்கு முன்னால் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் காத்திருந்த நாட்கள் தனி. வந்து இறங்கியபின் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் தொற்றுநோய்க்காகத் தடுத்து வைக்கப்பட்ட நாட்கள் தனி. "ஏழு நாள்" என்று பாட்டி சொன்னபோது, அவர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

நாட்கணக்கு ஒரு பக்கம். காசுக் கணக்கு இன்னொரு பக்கம். மலாயாவுக்கான சஞ்சிக்கூலி முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர் கங்காணிமார் மூலம் ஆள் சேர்ப்பது பெருகியது. 1907-ல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பல் கூலி கட்டப்பட்டது. அந்த நிதிக்குத் தோட்ட முதலாளிமார் பணம் கட்டினார்கள். ஆகவே, வரும்போது தொழிலாளிக்குத் தூரம் தெரியவில்லை. திரும்பிப் போக நினைத்தபோதுதான் தெரிந்தது. 1920-களின் பிற்பகுதியில், நல்ல நிலையில் இருந்த தோட்டங்களுக்கு என்று குறிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதில் அரிசி வாங்கி, பிள்ளைகளைப் பார்த்து, ஊருக்கும் அனுப்பி, மிச்சம் பிடித்துத்தான் கப்பல் சீட்டு வாங்க வேண்டும். போகவர இரண்டு வாரம் கடலிலேயே கழியும். அந்த நாட்களுக்குப் பிரட்டில் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் ஏது?

சிலருக்கு ஊர் போகும் வழி தாமாக வந்தது. ஆனால், அதை நல்ல வழி என்று சொல்ல முடியாது. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்தபோது, வேலை இல்லாமல் போன ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை இருந்தால் போக முடியாது. வேலை இல்லாவிட்டால் இருக்க முடியாது. தூரத்தின் கொடுமையைத் தோட்டத் தொழிலாளி இப்படி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டான்.

இப்போது அந்தத் தந்திக் கம்பிக்கு வருவோம். கடலுக்கடியில் ஓடிய கம்பி செய்தியைச் சில மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். பட்டணத்துத் தபால் நிலையத்திலிருந்து தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணி அதை வாங்கிப் படிப்பார். தந்தியில் வார்த்தைக்கு வார்த்தை காசு என்பதால் இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். "தகப்பனார் காலமானார்." பால் வாளியோடு நிரையில் நிற்கும் மகனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவன் அன்றே புறப்பட்டாலும் என்ன பயன்? அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, ஒரு வாரம் கடலில் போய், நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலும் மாட்டுவண்டியும் ஏறி ஊர் சேர்வதற்குள் கருமாதியே முடிந்திருக்கும். ஆகவே, பெரும்பாலோர் போகவில்லை. தோட்டத்திலேயே தலை முழுகி, ஆற்றங்கரையில் பிண்டம் வைத்துவிட்டு மறுநாள் பால் வெட்டப் போனார்கள்.

யோசித்துப் பாருங்கள். அதே கடல். அதே இரண்டு கரைகள். துக்கச் செய்திக்கு அது சில மணி நேரத் தூரம். துக்கம் கேட்கப் போகவேண்டிய மகனுக்கு அது போக முடியாத தூரம். செய்தி வேகமாக வந்து, ஆள் வேகமாகப் போக முடியாதிருந்த அந்த எழுபது எண்பது ஆண்டுகள்தான் நம்மவர் வாழ்வில் மிகக் கசப்பான காலம் என்று சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் விமானம் எப்போது வந்தது? வானத்தில் வழி திறந்தது நம்மவருக்காக அல்ல. முதலில் தபாலுக்காக. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சிறு விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அந்தத் தபாலை அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கும் விமானத் தபால் வழி ஏற்பட்டது. அந்த விமானங்கள் கல்கத்தா, ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் என்று கரையோரமாகவே வந்தன. அக்காலத்து விமானத்தால் அதிக எண்ணெய் சுமக்க முடியாது. சில நூறு மைலுக்கு ஒருமுறை இறங்கியாக வேண்டும். வங்காள விரிகுடாவை நேராகக் கடப்பதை நினைக்கவும் முடியாது.

சென்னையிலிருந்து ஒருவர் அந்த வழியில் சுற்றி வருவதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார், பிறகு கோலாலம்பூர் என்று கூட்டினால் ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் வரும். நேர்வழியைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். பெருவட்டம் கணக்கில் இருந்தது. அதன்மேல் பறக்க இயந்திரம் இல்லை.

அதற்குள் போர் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபின் 1945 வரை கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஊரில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது இங்கே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அந்த நாலு ஆண்டுகளில் 1,630 மைல் என்ற எண்ணுக்கே அர்த்தம் இல்லாமல் போனது.

போரில் வளர்ந்த விமானத் தொழில் போருக்குப் பின் பயணிகளுக்குப் பயன்பட்டது. 1947-ல் மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. 1954-ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சிங்கப்பூர்ச் சேவையைத் தொடங்கியது. அதில் பறந்தவை கான்ஸ்டலேஷன் வகை விமானங்கள். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்வழி சுமார் 2,900 கிலோமீட்டர் என்பதால், அந்த வேகத்தில் ஆறு மணி நேரத்துப் பறப்பு. 1960-ல் ஏர் இந்தியாவிடம் போயிங் 707 ஜெட் விமானம் வந்து சேர்ந்தது. வேகம் 900 கிலோமீட்டரைத் தொட்டது. 1965-ல் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொதுவாக இருந்த விமான நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் விமானம் ஆசிரியரின் நூல் போன வழியில், கடலுக்கு நேர் மேலே, நான்கு மணி நேரத்தில் போகத் தொடங்கியது.

ஆனால், தோட்டத்து மக்கள் உடனே விமானம் ஏறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். விமானச் சீட்டின் விலை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1970-களிலும் பெட்டியும் தகரப் பீப்பாயுமாகக் கப்பலில் போனவர்களே அதிகம். ரஜூலாவோடு ஸ்டேட் ஆப் மெட்ராஸ் என்ற கப்பலும் ஓடியது. 47 ஆண்டுகள் உழைத்த ரஜூலா 1973-ல் ஓய்வு பெற்றபோது, அதே ஆண்டில் சிதம்பரம் என்ற பெரிய கப்பல் அந்த வழிக்கு வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் சிதம்பரத்தில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தக் கப்பலின் ஓட்டமும் நின்றது. அதன்பின் விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊருக்குப் போக விமானம் ஒன்றே வழி என்றாகிவிட்டது. பின்னாளில் குறைந்த கட்டண விமானங்கள் வந்து, சென்னைக்கு மட்டுமல்லாமல் திருச்சிக்கும் நேராகப் பறந்தபோதுதான், கூலி வேலை செய்கிறவரும் சேமித்து ஏறக்கூடிய வாகனமாக அது மாறியது. திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் ஆகாய வழித் தூரம் சுமார் 2,690 கிலோமீட்டர். சென்னையைவிட அறுபது கிலோமீட்டர்தான் அதிகம். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துச் சனங்களுக்கோ அது ஒரு நாள் பயணத்தை மிச்சப்படுத்தியது.

விமானத்தில் போகிறவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பார்கள். சென்னையில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஏறினால், நான்கு மணி நேரம் பறந்து, இங்கே காலை ஆறரை மணிக்கு இறங்குவோம். திரும்பும்போது இங்கே இரவு பத்து மணிக்கு ஏறினால் சென்னையில் இரவு பதினொன்றரைக்கு இறங்குவோம். போகும்போது ஒன்றரை மணி, வரும்போது ஆறரை மணி நேரமா என்று சிலர் மலைத்துப் போவார்கள். இரண்டும் நான்கு மணி நேரம்தான். நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. சூரியனைக் கேட்டால் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் சுமார் 1 மணி 26 நிமிடம்தான் வித்தியாசம் என்று சொல்லும். மீதி ஒரு மணி நேரம் அரசாங்கங்கள் வைத்தது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் அதில் சேரும். பெரியவர்களுக்கு அந்த நாள் நினைவிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2,630 என்பது குறைந்த அளவுத் தூரம். மழை மேகத்தைச் சுற்றிக்கொண்டு போனாலும், வானத்தில் வகுத்த பாதையில் வளைந்து போனாலும், இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடித்தாலும் விமானம் அதற்கு மேல்தான் பறக்கும். ஒருபோதும் அதற்குக் குறையாது.

அன்பு நேயர்களே, நாட்கணக்கு குறைந்தது. காசுக் கணக்கும் குறைந்தது. ஆனால், மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் காகிதக் கணக்கு.

1938 ஜூன் 15-ஆம் நாள் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுக் குடிபெயரும் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. 1953-ல் மலாயாவின் குடிநுழைவுச் சட்டம் கடுமையானது. அதுவரை போவதும் வருவதுமாக இருந்த குடும்பங்கள் இங்கேயா அங்கேயா என்று முடிவு செய்யவேண்டிய நிலை வந்தது. 1957-ல் நாடு சுதந்திரம் பெற்றது. விண்ணப்பம் போட்டவர்கள் குடியுரிமை பெற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாமலோ, எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமலோ, "நாம்தான் ஊருக்குப் போய்விடப் போகிறோமே" என்ற நினைப்பாலோ போடாமல் விட்டவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1968-ல் வந்த சட்டத்தின்படி, 1969-இலிருந்து குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு கேட்கப்பட்டது. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் கண்டிராத ஊருக்குப் போனார்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் நீல அட்டை வைத்திருந்தவர் இக்கரையிலும் சிவப்பு அட்டை வைத்திருந்தவர் அக்கரையிலும் பிரிந்தார்கள். வானத்தில் ஜெட் விமானம் நான்கு மணி நேரத்தில் கடலைத் தாண்டிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது.

இன்றும் தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல் வாழ்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடப்பிதழ் கிடைக்காது. கடப்பிதழ் இல்லாதவருக்கு விமானச் சீட்டு இலவசமாகக் கிடைத்தாலும் பயனில்லை. அவர்களைப் பொறுத்தவரை சென்னை இன்னும் ரஜூலா காலத்தைவிடத் தூரத்தில்தான் இருக்கிறது. சென்னை இருக்கட்டும், பக்கத்துப் பட்டணத்தில் ஒரு நல்ல வேலைகூடத் தூரமாகத்தான் இருக்கிறது.

ஆகவே, தாய்மார்களே, தகப்பன்மார்களே, பிள்ளை பிறந்தால் உரிய காலத்தில் பதிவு செய்யுங்கள். திருமணத்தையும் பதிவு செய்யுங்கள். பத்திரங்களை அரிசித் தகரத்துக்கு அடியில் போட்டுக் கறையான் தின்ன விடாமல் பத்திரமாக வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுடைய பழைய கப்பல் சீட்டு, பழைய கடப்பிதழ், ஊரிலிருந்து வந்த கடிதம், தந்தி எதையும் எறிந்துவிடாதீர்கள். இந்தியாவில் தந்திச் சேவையே 2013-ல் நின்றுவிட்டது. அந்தக் காகிதம் இனி வராது. அது உங்கள் குடும்ப வரலாறு. சில வேளை, உங்கள் உரிமைக்கு அதுவே சாட்சியாகவும் ஆகலாம்.

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், கப்பலின் பெயர் என்ன, எத்தனை நாள் கடலில் இருந்தார்கள், எங்கே இறங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் இல்லாவிட்டால், அவர்கள் சொல்லிக் கேட்டவரைக் கேளுங்கள். பக்கத்திலேயே உலக உருண்டையில் நூல் பிடித்து நீங்கள் அளந்த தூரத்தையும் எழுதி வையுங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

இன்றைக்குக் கோலாலம்பூரின் பெரிய விமான நிலையம் சிப்பாங் வட்டாரத்தில் இருக்கிறது. 1998-ல் அது திறக்கப்படுவதற்கு முன் அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்து கிளம்பும் விமானம் நான்கு மணி நேரத்தில் பரங்கிமலையின் பக்கத்தில் போய் இறங்குகிறது. ஒரு முனையில் தூரத்தை அளக்கத் தொடங்கிய இடம். மறுமுனையில் நம்மவர் உழைத்த மண். நடுவே 2,630 கிலோமீட்டர். ஆசிரியர் சொன்ன அந்த எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும். பாட்டி சொன்ன ஏழு நாளையும் அதோடு சேர்த்து மனப்பாடம் செய்யட்டும்.